சற்றும் திருப்தி இல்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. எங்கள் வீட்டு மாடியில் டைட்டஸ் குடும்பம் குடியிருக்கிறது. அவர் மகள் ஜெனிட்டா ஒரு மத்தியானம் கையில் தடிமனான ஓர் அறிக்கையோடு இறங்கி வந்து, "அங்கிள், தமிழ் மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றாள். காரைக்காலில் எனக்கு இருக்கிற மரியாதை இவ்வளவுதான். கதை எழுதுகிறவன் என்று ஒருவரும் சீந்துவதில்லை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று எதுவானாலும் ஒற்றுப்பிழை பார்க்க மட்டும் வந்துவிடுவார்கள்.

நானும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'ஒலித் தெளிவு' என்ற தலைப்புக்கு வந்தபோது மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், எதிர் நாற்காலியில் பெண் அழுதுகொண்டிருக்கிறாள். நிறையப் பிழை போட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

அவள் எல்லாம் சொல்லி முடித்தாள். போகும்போது, "எழுதுறதுன்னா எழுதுங்க அங்கிள். ஆனா எம் பேரு வேணாம்" என்றாள். எனவே ஜெனிட்டா அவள் பெயர் இல்லை. டைட்டஸும் டைட்டஸ் இல்லை. ஊர்ப் பெயரையும் எழுதப்போவதில்லை. கிளிஞ்சல்மேட்டுக்கும் பட்டினச்சேரிக்கும் நடுவே ஏதோ ஒரு குப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடி மட்டும் உண்மை.

2

முதல் தொடக்கம்:

கடல் அன்று அமைதியாக இருந்தது. யாருக்கும் தெரியாது, இன்னும் சற்று நேரத்தில்—

(வேண்டாம். சுனாமி வருகிற கதையெல்லாம் இப்படித்தான் தொடங்குகிறது. அதுவும் அந்தக் காலையைப் பற்றி எழுத எனக்கு என்ன பாத்தியதை? நான் அன்று நெரவியில் ஒரு காதுகுத்தில் பந்திக்குக் காத்திருந்தேன்.)

இரண்டாவது தொடக்கம்:

கணினிவழி மானுடவியல் கருவிகளை மதிப்பிட, சமூக அறிவியலின் கருத்தாய்வு முறைகள் எந்த அளவுக்கு உதவும் என்பது அண்மைக் காலத்தில்—

(இது ஜெனிட்டாவின் அறிக்கையில் முதல் வரி. ஒற்றுப்பிழை இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் அடுத்த பக்கம் போகமாட்டீர்கள்.)

சரி, சாதாரணமாகவே சொல்கிறேன். சுனாமிக்கு முந்தின வருஷம் ஒரு பேராசிரியர் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு நம் கரையோரக் குப்பங்களில் வீடு வீடாகப் போனார். கரையோரத் தமிழ் எப்படிப் பேசப்படுகிறது என்று அவருக்கு ஆராய்ச்சி. எதையாவது பேசுங்கள் என்பார், பேசுவார்கள், பதிந்துகொள்வார். அந்த கேசட்டுகள் பல காலம் எங்கோ கிடந்தன. பின்பு பாண்டிச்சேரியில் ஒரு நிறுவனம் அவற்றைக் கணினிக்கு மாற்றி 'கரைக்குரல்' என்று ஒரு வலைத்தளம் அமைத்தது. வரைபடத்தில் ஊரைத் தொட்டால் அந்த ஊர்க்காரர் பேசுவார். ஒரு சொல்லைத் தட்டினால் அந்தச் சொல் எந்தெந்தக் குப்பத்தில் யார் வாயில் வந்தது என்று காட்டும். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன்.

இவ்வளவு செலவழித்துச் செய்ததை யாராவது பயன்படுத்துகிறார்களா, அவர்களுக்குத் திருப்தியா என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் கருத்தாய்வு. சமூகவியல் படித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த ஜெனிட்டாவை ஒப்பந்தத்தில் எடுத்து, கையில் ஒரு தொடுதிரை டேப்பைக் கொடுத்து அனுப்பினார்கள். அதில் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஐந்து வட்டங்கள். 'மிகவும் திருப்தி' என்பதில் தொடங்கி 'சற்றும் திருப்தி இல்லை' என்பதில் முடியும்.

பயிற்சியில் அவளுக்குச் சொன்னது ஒன்றுதான்: கேள்வியை வாசி, விளக்காதே. தலையாட்டாதே. பதிலை எடுத்துக்கொடுக்காதே. அவர்கள் எதைச் சொல்கிறார்களோ அதை அழுத்து. (கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கும் இது வாய்த்திருந்தால் பாதிக் கதைகளை உருப்படியாக எழுதியிருப்பேன்.)

3

திரிபுரசுந்தரி வீட்டுக்கு ஜெனிட்டா போனது ஒரு சாயங்காலம். சுனாமிக் குடியிருப்பில் கடைசி வரிசை. சுந்தரி வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கரைக்குரல் வலைத்தளம் பத்திக் கேக்க வந்திருக்கேங்க்கா."

"செல்லுல பேசுமே, அதுவா? உள்ள வாம்மா. கையைக் கழுவிட்டு வந்துடுறேன்."

ஜெனிட்டா போன மற்ற வீடுகளில் 'அது என்னது' என்பதில் தொடங்க வேண்டியிருந்தது. இந்தப் பெண்பிள்ளையோ கேட்பதற்கு முன்பே செல்போனை எடுத்து, வரைபடத்தைத் தொட்டு, தன் ஊரைத் தொட்டு, வரிசையில் நான்காவது பெயரைத் தொட்டாள். 'கலியபெருமாள், வயது 29, மீனவர்.' அவள் புருஷன். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், அப்போது கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிற புருஷனின் பழைய குரலை இவள் எதற்குக் கேட்கிறாள் என்று ஜெனிட்டாவுக்குப் புரியவில்லை.

குரல் வந்தது. மச்சானோடு இன்ஜின் வாங்கப் போய்ச் சண்டை வந்த கதையைக் கலியபெருமாள் சொல்கிறார். பின்னால் காற்று, காக்கை, யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம். சுந்தரி செல்லைக் காதோடு ஒட்டவைத்தபடி கையை உயர்த்தினாள். இப்போது, என்றது அந்தக் கை. போனை ஜெனிட்டாவின் காதுக்கு மாற்றினாள்.

தூரத்தில், பாத்திரச் சத்தத்துக்கு நடுவே, மூன்று வயசுக் குழந்தை ஒன்று: "ப்பா, நானும் பேசுவேன். ப்பா, நானு."

பேராசிரியர் "உஷ்" என்கிறார். கலியபெருமாள் சிரிக்கிறார். "இரு பாப்பா, அப்பா பேசிட்டு வந்துடுறேன்." பிறகு மறுபடியும் இன்ஜின்.

"எம்பொண்ணு" என்றாள் சுந்தரி. "மறு வருஷம் தண்ணி வந்தப்ப என் கையிலதான் இருந்தா."

ஒரு போட்டோகூட மிஞ்சவில்லையாம். வீடே போய்விட்டபோது போட்டோ எங்கே மிஞ்சும். இருப்பது இது ஒன்றுதான், தினமும் கேட்கிறாளாம்.

(குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். சுந்தரி சொல்லவில்லை, ஜெனிட்டா கேட்கவில்லை. வலைத்தளத்திலும் பேசினவர் பெயர் மட்டும்தான் உண்டு. நான் யார் வைப்பதற்கு?)

(இன்னொன்று. நிஜ ஜெனிட்டாவுக்கு வயது இருபத்துநான்கு. அந்தக் குழந்தை இருந்திருந்தால் அவளுக்கும் அதே வயதுதான். இதைக் கதையில் வைத்தால் வாசகர், 'ஆசிரியர் அழவைக்கப் பார்க்கிறார்' என்பார் என்று பயந்து ஜெனிட்டாவுக்கு முப்பது வயது ஆக்கிப் பார்த்தேன். ஆனால் சுந்தரியே அன்று "உனக்கு என்ன வயசாவுதும்மா?" என்று கேட்டாளாம். பதிலைக் கேட்டதும் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாளாம். நான் என்ன செய்யட்டும்.)

ஜெனிட்டா டேப்பைத் திறந்து கேட்க ஆரம்பித்தாள். கேள்வி ஏழு: "ஒலிப்பதிவின் தெளிவு உங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தி அளிக்கிறது?"

"திருப்தி இல்ல. சுத்தமா இல்ல."

ஜெனிட்டாவின் விரல் நின்றது. தினமும் கேட்கிறவள் இப்படிச் சொல்கிறாளே என்று இருந்தது. ஏன் என்று கேட்கக் கூடாது. ஆனால் சுந்தரியே சொன்னாள்.

"அவரு பேசுறதுதான் டமாரம் மாதிரி கேக்குது. பின்னாடி அவ பேசுறது அமுங்கிப்போவுது பாரு. அதைக் கொஞ்சம் தூக்கிக் குடுக்கச் சொல்லேன். இப்பல்லாம் என்னென்னமோ பண்றாங்களாமே."

ஜெனிட்டா ஐந்தாவது வட்டத்தை அழுத்தினாள். 'பிற கருத்துகள்' என்று கடைசியில் ஒரு பெட்டி உண்டு. சுந்தரி சொன்னதை அதில் வார்த்தை மாறாமல் தட்டினாள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், அவள் எழுதினாள்.

கிளம்பும்போது சுந்தரி வாசல் வரை வந்து குரலைத் தணித்தாள். "எல்லாரும் கொறைன்னுதானே சொன்னாங்க?"

"அதைச் சொல்லக் கூடாதுக்கா."

"சொல்லியிருப்பாங்க. நேத்து ஊர்க்கூட்டத்துல நாட்டாரு சொல்லிட்டாரு, எது கேட்டாலும் பத்தலன்னே சொல்லுங்கன்னு. அழுத புள்ளதானே பால் குடிக்கும்."

4

இங்கே கொஞ்சம் நிறுத்தி, ஊர்த்தலைவரான அந்த நாட்டாரை நீங்கள் திட்டிவிடாமல் இருக்க ஒரு வார்த்தை. தண்ணீர் வந்துபோன பிறகு அந்தக் குப்பத்துக்குக் கணக்கெடுக்க வராத ஆள் இல்லை. எல்லார் கையிலும் அட்டை, அட்டையில் தாள். படகு போச்சா? வலை போச்சா? முழுசாகவா, பாதியா? பாதிப் படகு மிச்சம், சரிசெய்துகொள்வேன் என்று உண்மையைச் சொன்ன ஒருவர் அந்தக் குப்பத்தில் இருந்தார். அவருக்கு நிவாரணம் பாதிகூட வரவில்லை. அன்றிலிருந்து ஊர் ஒரு பாடம் படித்துக்கொண்டது: கேள்வி கேட்க வருகிறவனிடம் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லக் கூடாது. கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதையே கூடிப் பேசித்தான் முடிவெடுப்பார்கள். வலைத்தளம் எம்மாத்திரம்?

கருத்தாய்வு முறையோ, ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்துப் பதில் சொல்கிறார்கள் என்று நம்புகிறது. பாவம், அது குப்பத்தைப் பார்த்ததில்லை.

பாண்டிச்சேரியில் கூட்டம். திட்டத் தலைவர் எழிலன் திரையில் படம் போட்டுக் காட்டினார். (இவரைக் கெட்டவராக எழுதிவிட்டால் என் வேலை சுலபம். எழுதியும் பார்த்தேன், தங்க மோதிரமெல்லாம் போட்டேன். ஆனால் ஜெனிட்டா, "இல்ல அங்கிள், அவரு நல்லவரு, எங்களோடதான் உக்காந்து சாப்பிடுவாரு" என்கிறாள். மோதிரத்தைக் கழற்றிவிட்டேன்.)

"மத்த ஊர்ல எல்லாம் கலந்து வருது. இந்த ஒரு குப்பத்துல மட்டும் எல்லாமே கம்மி, அதுலயும் ஒலித்தெளிவு அடிமட்டத்துல இருக்கே, என்ன ஜெனிட்டா? அங்க ஏதாவது விசேஷமா?"

அப்போது சொல்லியிருக்கலாம். 'சார், அது கூடிப் பேசி வைத்த பதில்.' சொன்னால் அந்தக் குப்பத்துப் பதில்களையெல்லாம் கழித்துக்கட்டுவார்கள். அவள் வெயிலில் அலைந்ததெல்லாம் வீண். ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. நீட்டிப்பார்களா என்பது இவர் கையில். இதெல்லாம் அவள் மனதில் ஓடியதா, அல்லது கேள்வி வந்த வேகத்தில் வாய் அடைத்துப்போனதா, அவளுக்கே தெரியவில்லை.

"பதிவு பழசு சார்" என்றாள்.

அதுவும் பொய்யில்லை. எழிலன் தலையாட்டினார். மக்கள் சொல்கிறார்கள், நாம் கேட்போம் என்றார். குறை சொன்ன ஊரிலிருந்தே ஒலியைத் திருத்தத் தொடங்குவோம் என்றார். பிற கருத்துகளைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பின்னால் யாரும் பார்க்கவில்லை.

5

"ஏம்மா ஜெனிட்டா, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

சுந்தரியின் போன் வந்தபோது ஜெனிட்டா கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருந்தாள். ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

சுந்தரி செல்லை நீட்டினாள். "இது கெட்டுப்போச்சு போலருக்கு. டவுனுல குடுத்து ஸ்பீக்கரு மாத்தினேன், அப்பவும் வரல. வேற ஒருத்தர் செல்லுலயும் போட்டுப் பாத்தேன்."

ஜெனிட்டா காதில் வைத்தாள். கலியபெருமாள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல அவ்வளவு துல்லியம். காற்று இல்லை, காக்கை இல்லை, பாத்திரம் இல்லை. இன்ஜின், மச்சான், சண்டை. பிறகு ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பார்த்து அவர் சிரிக்கிறார். "இரு பாப்பா, அப்பா பேசிட்டு வந்துடுறேன்."

"யாருகிட்டம்மா சொல்றாரு?" என்றாள் சுந்தரி.

பேசுகிறவரின் குரலை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதையெல்லாம் துடைத்துவிடும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. நல்ல மென்பொருள். அதற்குப் பேசுகிறவர் கலியபெருமாள், மற்றதெல்லாம் இரைச்சல்.

ஜெனிட்டா வெளியே வந்து, வலைகள் காய்கிற பக்கம் நின்று எழிலனுக்குப் போன் செய்தாள். பழைய பதிவு வேண்டும் சார், அவசரம். அவர் விசாரித்துவிட்டுக் கூப்பிட்டார். "அதுக்கு மேலயேதான்மா புதுசை ஏத்தியிருக்காங்க. இடம் பத்தல. கேசட்டெல்லாம் பூஞ்சை பிடிச்சுப்போச்சுன்னு மாத்தின கையோட கழிச்சாச்சு. ஏன், இப்ப நல்லாத்தானே கேக்குது?"

(இந்தத் துறையில் வேலை பார்க்கிற வாசகர் இந்நேரம் கொதித்துப்போயிருப்பார். எந்த ஆவணக் காப்பகமும் மூலத்தை அழிக்காது, கதாசிரியருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பார். ஐயா, நீங்கள் வேலை பார்க்கிற இடம் எதுவென்று சொல்லுங்கள், என் பழைய கையெழுத்துப் பிரதிகளைக் கொண்டுவந்து தருகிறேன். இன்னொருவர், சுந்தரி ஏன் தன் செல்லில் இறக்கி வைத்துக்கொள்ளவில்லை என்பார். தட்டினால் பேசுகிறது, எங்கே ஓடிப்போகப்போகிறது என்று இருந்துவிட்டாள். இருக்கிறவரை நாமெல்லாம் அப்படித்தான் இருக்கிறோம்.)

உள்ளே போய் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால், நீ 'திருப்தி இல்லை' என்று சொன்னாய், அதனால் உன் பிள்ளையைத் துடைத்துவிட்டார்கள் என்றுதான் முடியும். எப்படிச் சுற்றிச் சொன்னாலும் அங்கேதான் வந்து நிற்கும். வலைப் பக்கம் நின்றபடியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"மெஷின் பண்ணினதுக்கா. கேட்டுட்டு இருக்கேன்" என்றாள்.

6

முடிவுகள். இரண்டு எழுதினேன்.

ஒன்று: பேராசிரியர் வீட்டுப் பரணில் இன்னொரு கேசட் கிடைக்கிறது. ஜெனிட்டா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் காலையில் படித்தால் பழைய சினிமா. கிழித்துவிட்டேன். அதோடு, ஜெனிட்டா நிஜமாகவே விசாரித்துப் போனாள். பேராசிரியர் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது, பரணே இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பு.

இரண்டு: கலியபெருமாள் மனைவியின் தோளில் கைவைத்து ஆறுதல் சொல்கிறார். இந்த மனிதர் எனக்குக் கடைசி வரை பிடிபடவேயில்லை. சுந்தரி அந்தப் பதிவைப் போடும்போதெல்லாம் சட்டையை மாட்டிக்கொண்டு கரைக்குப் போய்விடுகிறவர் அவர். அவருக்கு மூன்று விதமாக வசனம் எழுதி மூன்றையும் அடித்தேன். நடந்தது என்னவென்றால், ஒருநாள் அவரே செல்லை வாங்கி முழுசாகக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு ஜெனிட்டாவிடம், "என்னை எதுக்கும்மா வெச்சிருக்காங்க?" என்றாராம்.

அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன் என்று எழுதினால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று தெரியவில்லை. ஆனால் சாப்பிட்டேன்.

7

நான் பிழை பார்த்தது முதல் சுற்று அறிக்கை; கருத்தாய்வில் இரண்டாம் சுற்று என்று ஒன்று உண்டு. கருவியைச் சீர்திருத்திய பிறகு அதே ஆட்களிடம் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். முன்னைக்கு இப்போது தேவலையா என்று தெரிந்துகொள்ளும் முறை அது. இந்தக் குப்பத்தில் திருப்தி கூடியிருந்தால், மற்ற குப்பங்களின் பதிவுகளையும் அதே மென்பொருளில் போட்டு எடுத்துவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. அந்தப் பதிவுகளில் யார் யாருக்குப் பின்னால் என்னென்ன கேட்கிறதோ, எவர் வீட்டில் யார் அதைக் காதோடு வைத்துக் கேட்கிறார்களோ, யாருக்குத் தெரியும். ஜெனிட்டா எழிலனிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஒரு வீட்டை வெச்சு நிறுத்த முடியாதேம்மா. இரண்டாம் சுற்றுல பதிலா வரட்டும், நான் மேல பேசறேன்" என்றார்.

எனவே அவள் போனாள். இப்போது போயிருக்கிறாள். இதை நான் எழுதும்போது அவள் சுந்தரி வீட்டு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுந்தரி தரையில். ஊர்க்கூட்டம் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லையாம், ஜெனிட்டா கேட்டுக்கொண்டாள்.

"கேள்வி ஏழு. ஒலிப்பதிவின் தெளிவு உங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தி அளிக்கிறது?"

"ரொம்ப திருப்தின்னு போட்டுக்கோ."

"அக்கா." விளக்கக் கூடாது, எடுத்துக்கொடுக்கக் கூடாது. ஜெனிட்டா டேப்பை மடியில் கவிழ்த்தாள். "அக்கா, உங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்க. நீங்க நல்லாருக்குன்னு சொன்னா மத்த ஊருலயும் இப்படியே பண்ணிடுவாங்க."

"மத்த ஊரு பத்தி எனக்கு என்னம்மா தெரியும்." சுந்தரி அவள் முழங்காலில் கை வைத்தாள். "போன தடவை நாந்தானே கொறை சொன்னேன்? நீ மெஷின்னு சொன்னே. எனக்கு அன்னைக்கே புரிஞ்சிபோச்சு. கொறை சொன்னேன், புள்ளையை எடுத்துட்டாங்க. இப்பவும் சொன்னேன்னு வெச்சுக்கோ, மிச்சம் இருக்குறதையும் எடுத்துடுவாங்க. 'இரு பாப்பா'ங்குறாரு இல்ல, அதாவது இருக்கட்டும். அவரு அப்படிச் சொல்றப்ப, அவ அங்க நிக்கறான்னு எனக்குத் தெரியும்ல."

ஜெனிட்டா டேப்பை நிமிர்த்தினாள். ஐந்து வட்டங்கள். ஒன்றை அழுத்தாமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது; அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சுந்தரி சொன்னதை அழுத்தினால் முறைப்படி சரி, மற்ற குப்பங்களில் துடைக்க ஆரம்பிப்பார்கள். ஐந்தாவதை அழுத்தினால் பொய். அதோடு, சுந்தரி பயந்தது நடக்காது என்று சொல்ல ஜெனிட்டாவால் முடியாது, என்னாலும் முடியாது.

நான் இதை இங்கேயே விடுகிறேன். எழுதத் தெரியாமல் இல்லை. எதை எழுதினாலும் சுந்தரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது, அது என்னால் ஆகவில்லை. டேப் இப்போது உங்கள் கையில். சுந்தரிக்கு எழுத்து சரியாகத் தெரியாது, திரையில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் படிக்க வராது. நீங்கள் எதை அழுத்தினாலும் அவள் நம்பிக்கொள்வாள்.

"போட்டுட்டியாம்மா?" என்று கேட்கிறாள்.